தூத்துக்குடியில் எந்த வேளைக்கு எந்தக் கடை?

வாசகர் கேள்வி – பதில்

தூத்துக்குடிக்குப் போகிறவர்கள் பசியோடு இறங்க வேண்டும் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டன. பல ஊர்களில் கிளை பரப்பிய பெரிய உணவகங்களை விட்டுவிட்டு, ஊர்க்காரர்கள் தாங்களே நடத்தும் கடைகளைப் பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

குடும்பத்தோடு இரண்டு நாள் தங்கப்போகிறோம். நல்ல கடைகளின் பெயர்களை வரிசையாகத் தர முடியுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பெயர் வரிசையைக் காட்டிலும் வேளை வரிசைதான் உங்களுக்கு உதவும். இந்த ஊரின் சிறு கடைகளில் எல்லாப் பண்டமும் எல்லா வேளையிலும் கிடைப்பது அரிது. காலை இட்லிக்குக் கூட்டம் கூடுகிற கடையில் இரவு விளக்கு எரியாது. இரவில் நிற்க இடமில்லாத புரோட்டாக் கடையைப் பகலில் கடந்து போனால், அங்கே கடை இருப்பதே தெரியாமல் பலகைக் கதவு சாத்தியிருக்கும். வேளை தவறிப் போய் நின்றவர்கள்தான் ‘அங்கே ஒன்றும் இல்லை’ என்று சொல்லித் திரும்புகிறார்கள்.

காலை எட்டு மணிக்குள் பலகாரக் கடை, பதினொரு மணிக்குத் தேநீரோடு வடையோ சுசியமோ, நண்பகல் பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் இடையே மீன் சாப்பாடு, மாலை நாலு மணிக்குப் பேக்கரி, ஏழரைக்கு மேல் புரோட்டா என்று நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள். எந்தக் கடைக்குப் போனாலும், ‘இங்கே எத்தனை மணிக்குச் சாப்பாடு தீரும்?’ என்று முதலில் கேளுங்கள். இரண்டு மணிக்குத் தீர்ந்துவிடும் என்று பதில் வந்தால் தயங்காமல் உட்காரலாம். அன்றைக்கு வாங்கியதை அன்றைக்கே சமைத்து முடிக்கிற குடும்பம் நடத்தும் கடை அது. நள்ளிரவு வரை எல்லாம் கிடைக்கும் என்று சொல்லும் இடத்தில் குளிர்பெட்டி பெரிதாக இருக்கும் என்பது என் அனுபவம்.

மக்ரூன் வாங்க எந்தக் கடை சிறந்தது? போன முறை வாங்கி வந்தது வீடு சேர்வதற்குள் பிசுபிசுத்துப் போயிற்று. ஏன்?
– வாசகர், சேலம்

தனலட்சுமி, ஞானம், கணேஷ் ஆகிய மூன்று பேக்கரிகளின் பெயரை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மூன்றில் எது உசத்தி என்பதில் ஒரே வீட்டுக்குள் கூடக் கருத்து வேறுபாடு உண்டு. எடைக்குத்தான் விற்கிறார்கள் என்பதால், ஒவ்வொன்றிலும் நூறு கிராம் வாங்கி அன்று மாலையே ருசித்துப் பார்த்து, மறுநாள் ஊருக்கு எடுத்துப்போக வேண்டியதை முடிவு செய்யுங்கள்.

மக்ரூனுக்கு மூன்றே பொருள்கள்தாம்: முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. மாவு, நெய், வெண்ணெய் எதுவும் கிடையாது. ஐரோப்பாவில் பாதாம் சேர்க்கிற இடத்தில் இங்கே முந்திரி சேர்கிறது. அந்த முந்திரியைப் பிரேசிலிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துகீசியர். 16ஆம் நூற்றாண்டிலிருந்து 1658இல் டச்சுக்காரர்களிடம் இழக்கும் வரை இந்தத் துறைமுகம் அவர்கள் கையில் இருந்தது. பண்டத்தையும் அவர்களே விட்டுச்சென்றார்கள் என்பது ஊர் வழக்கு. ஆனால் அதற்கு இன்றைய வடிவத்தையும் பெயரையும் தேடித்தந்தவர்கள் இந்த ஊரின் பேக்கரிக்காரர்கள்.

வேலை எளிதன்று. வெள்ளைக்கருவில் மஞ்சள் கரு ஒரு துளி விழுந்தாலும் நுரை சரியாக எழும்பாது. சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, பாத்திரத்தைச் சாய்த்தாலும் நகராத அளவுக்கு அடித்து, பொடித்த முந்திரியை நுரை உடையாமல் கலந்து, கூம்பிலிட்டுச் சிறு கோபுரங்களாகத் தட்டில் பிழிகிறார்கள். பிறகு குறைந்த சூட்டில் பல மணி நேரம் வைத்து எடுக்கிறார்கள். வேகவைப்பது என்பதைவிட உலர்த்துவது என்றே சொல்லலாம். நல்ல மக்ரூன் சந்தன வெண்மையில் இருக்கும். பழுப்பேறியிருந்தால் சூடு கூடிவிட்டது என்று பொருள். ஒன்றை எடுத்து நடுவில் உடைத்துப் பாருங்கள்: ஓட்டுக்குள் நுண்ணிய காற்றறைகள் தெரியும், நடுவில் மட்டும் முந்திரி சற்றே மெத்தென்றிருக்கும். நாக்கில் வைத்ததும் முதலில் நொறுங்கி, மெல்லத் தொடங்குவதற்கு முன்பே கரைந்துவிட வேண்டும்.

பிசுபிசுத்ததற்குக் காரணம் காற்றின் ஈரம். சர்க்கரையும் நுரையுமாக ஆன பண்டம் ஈரத்தைப் பஞ்சுபோல் உறிஞ்சும். பல ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழையில் நான் அட்டைப்பெட்டியோடு பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து வந்தேன். மதுரையில் பெட்டியைத் திறந்தபோது கோபுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகியிருந்தன. அன்று முதல் இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பா ஒன்றைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே அதில் போட்டு வாங்கிவிடுகிறேன். வீட்டிலும் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு உடனே மூடிவிட வேண்டும்.

புரோட்டா சாப்பிடலாம் என்று தேடிப் போனால் பலகையில் ‘நைட் கிளப்’ என்று எழுதியிருந்தது. குழந்தைகளோடு போனதால் திரும்பி வந்துவிட்டோம். அது என்ன இடம்?
– வாசகர், தஞ்சாவூர்

நீங்கள் தேடிப் போன இடமேதான் அது. இரவில் மட்டும் திறக்கிற புரோட்டாக் கடைகளுக்குத் தூத்துக்குடியில் வழங்கி வரும் பெயர் ‘நைட் கிளப்’. பெஞ்சும் மேசையும் வாழையிலையும்தான் உள்ளே இருக்கும். குழந்தைகளைத் தாராளமாக அழைத்துப் போகலாம். திரும்பி வந்தது பெரிய இழப்பு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாசலிலேயே அடுப்பும் பெரிய கல்லும் இருக்கும். எண்ணெயில் ஊறிய மைதா உருண்டையை மாஸ்டர் மேசையில் தட்டி, வீசி, மேசை நிறம் தெரிகிற அளவுக்கு விரித்து, மடித்துச் சுருட்டி வைப்பதையும், கல்லில் சிவந்தவற்றை ஐந்தாறாக அடுக்கி இரண்டு பக்கமும் கையால் அடித்து ஏடு ஏடாகப் பிரிப்பதையும் உள்ளே போகும் முன் இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். தாராளமாக எண்ணெய் விட்டுக் கல்லில் முறுகச் சுட்டதும் உண்டு, எண்ணெயில் பொரித்தெடுத்ததும் உண்டு. எது வேண்டும் என்று கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். முதல் முறை போகிறவர்களுக்கு இரண்டிலும் ஒவ்வொன்று என்பது என் பரிந்துரை.

சால்னாதான் ஒவ்வொரு கடைக்கும் உள்ள தனி அடையாளம். குருமாவைப் போல் கெட்டியாக இராது; சோம்பு மணக்க, மேலே எண்ணெய் மினுக்க, இலையில் ஓடும். ஊர்க்காரர்கள் புரோட்டாவைச் சிறு துண்டுகளாகப் பிய்த்துப் போட்டு, முழுவதும் நனையும்படி சால்னா ஊற்றச் சொல்லி, ஒரு நிமிடம் ஊறவிட்டுச் சாப்பிடுவார்கள். நான் பாதியை மட்டும் நனைத்து மீதியை மொறுமொறுப்புக்காக ஒதுக்கி வைத்துக்கொள்வேன். சால்னா வாளி கேட்காமலே இரண்டாம் முறையும் வரும். குழந்தைகளுக்குக் காரம் ஆகாதென்றால் ஒரு கலக்கியோ ஆம்லெட்டோ சொல்லி அதோடு கொடுத்துவிடலாம். கோழி, காடை வறுவல்களைக் கேட்கும் முன் புரோட்டா இலைக்கு வரட்டும். வறுவலுக்குக் காத்திருந்து புரோட்டா ஆறிப்போனால் வந்த காரியம் கெட்டுவிடும்.

மே மாதம் வருகிறோம். அப்போது மீன்பிடித் தடைக்காலம் என்கிறார்கள். மீன் சாப்பாடு கிடைக்குமா?
– வாசகி, பெங்களூரு

கிடைக்கும், ஆனால் பார்த்துச் சாப்பிட வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள், மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்காக விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. வள்ளங்கள், கட்டுமரங்கள் போன்ற நாட்டுப்படகுகளுக்குத் தடையில்லை. ஆகவே கரையை ஒட்டிப் பிடிபடும் சாளை, நெத்திலி, ஊளி போன்றவை அப்போதும் பச்சையாகக் கிடைக்கும். தடைக்காலத்தில் பெரிய மீன் துண்டு வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்குத்தான் வெளியூரிலிருந்து பனிக்கட்டியில் வந்தது இலையில் விழும். மே மாதத்தில் நெத்திலி வறுவலும் சாளைக் குழம்பும் உள்ள கடையைத் தேடுங்கள். கூலித் தொழிலாளர்கள் சாப்பிடுகிற சிறு கடைகளில்தான் இவை நன்றாக இருக்கின்றன.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் தீர்த்துவிடுகிறேன். சென்னையில் வஞ்சிரம் என்பது இங்கே சீலா. சீலா வறுவல் கேட்டால் துண்டைப் பொரிக்கும் முன் காட்டச் சொல்வதில் தவறில்லை. அழுத்திய இடம் குழியாமல் எழும்பினால் நல்ல மீன். கிழமையையும் கவனியுங்கள். இந்தக் கரையின் கத்தோலிக்க மீனவ ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பது நெடுநாள் வழக்கம். அதனால் திங்கட்கிழமை நண்பகலில் மட்டும் நான் மீன் சாப்பாட்டைத் தவிர்த்துச் சாம்பார் சாதத்தோடு எழுந்துவிடுவேன்.

நாங்கள் சைவம். மக்ரூனும் மீனும் புரோட்டாவும்தான் தூத்துக்குடி என்றால் எங்களுக்கு என்ன இருக்கிறது?
– வாசகர், கும்பகோணம்

மக்ரூனில் முட்டை இருப்பதை அறியாமல் வாங்கிச் செல்கிற சைவக் குடும்பங்களை நான் பேக்கரி வாசலிலேயே பார்த்திருக்கிறேன். நீங்கள் அறிந்து கேட்பது நல்லதாயிற்று.

உங்களுக்குரியது பனைமரம். பங்குனி பிறந்துவிட்டால் திருச்செந்தூர்ச் சாலையோரம் பதநீர்ப் பானைகள் வந்துவிடும். காலையிலேயே குடித்துவிட வேண்டும். கலயத்தின் உட்புறம் பூசிய சுண்ணாம்புதான் புளிக்காமல் காக்கிறது என்றாலும், வெயில் ஏற ஏற ருசி இறங்கிவிடும். கண்ணாடிக் குவளை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லி, பனையோலையை மடித்துக் கட்டிய பட்டையில் ஊற்றித் தரச் சொல்லுங்கள். ஓலையின் பச்சை வாசம் பதநீரின் இனிப்போடு கலந்து மூக்குக்கு எட்டுவது அதில்தான். உள்ளே நுங்கை வழித்துப் போட்டுத் தந்தால் அன்றைய காலைப் பலகாரத்தையே விட்டுவிடலாம். சீசன் இல்லாத நாள்களில் உடன்குடிக் கருப்பட்டியில் போட்ட காப்பி இருக்கிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கருப்பட்டி அது. சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டுத் தருகிற தள்ளுவண்டிகள் மாலையில் நிற்கும். கருப்பட்டிப் பாகில் ஊறிய கருப்பட்டி மிட்டாயைச் சூடாகப் பிழிந்து எடுக்கிற நேரம் விசாரித்துப் போய் வாங்குங்கள். ஆறியதை வாங்குவதாக இருந்தால், கோவில்பட்டி வழியாகத் திரும்பும்போது கடலைமிட்டாய் வாங்கிக்கொள்வதே மேல்.

கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து தேநீர் குடிக்க ஒரு கடை சொல்லுங்கள்.
– வாசகி, சென்னை

அப்படிப்பட்ட கடைகளுக்குப் பேர்போன ஊர் இதுவல்ல. கடலை வேலைத்தலமாகப் பார்க்கிற துறைமுகம். கடற்கரைச் சாலையில் ரோச் பூங்காப் பக்கம் மாலை ஐந்தரைக்குப் போனால் சுண்டலும் பஜ்ஜியும் கிடைக்கும். வாங்கிக்கொண்டு நடந்தபடி சாப்பிடலாம். மன்னார் வளைகுடாவின் கடல் பெரிதாக அலையடிக்காது என்பதால் அந்த வேளை மிக அமைதியாக இருக்கும்.

காயல்பட்டினத்தின் களறிச் சாப்பாடு எந்தக் கடையில் கிடைக்கும்?
– வாசகர், ஈரோடு

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் வழியில் உள்ள காயல்பட்டினத்தின் களறி, கல்யாண வீட்டுச் சமையல். பெரிய சட்டிகளில் விறகடுப்பில் வெந்த களறிக் கறியையும் கத்தரிக்காயையும் நெய்ச்சோற்றோடு ஒரே தாலத்தில் பரிமாறி, சிலர் சுற்றி அமர்ந்து பகிர்ந்து உண்கிறார்கள். அந்த அளவும் அந்த விறகும் அந்தக் கூட்டமும் இல்லாமல் அந்த ருசி வருவதில்லை என்பதால் உங்களுக்குக் கடைப்பெயர் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காயலில் உங்களுக்கு ஒரு நண்பர் இருந்தால், வீட்டில் விசேஷம் வரும்போது சொல்லி அனுப்பும்படி இப்போதே கேட்டு வையுங்கள். அழைப்பு வந்ததும், அன்று காலைப் பலகாரத்தை இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு புறப்படுங்கள்.