அந்தப் பெட்டியை வீச வேண்டாம்

மதிப்புக்குரிய ஐயா,

இந்தத் தீபாவளியன்று வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது அரச தொலைக்காட்சியின் தமிழ் நிகழ்ச்சிகளைப் போட்டோம். காலையில் ஆசியுரை, பிறகு கலையகத்தில் நான்கு நாற்காலி போட்டு ஒரு கலந்துரையாடல், அதன் பின் மாலைவரை தென்னிந்தியப் படங்கள். நடுவில் நம் நாட்டுக் கலைஞர்களின் நாதஸ்வரக் கச்சேரி ஒன்று வந்தது. பத்து நிமிடம் பார்த்துவிட்டு, பிள்ளைகள் கேட்டதால் மாற்றிவிட்டோம். அறிவிப்பாளரின் உச்சரிப்பும் ஓயாத விளம்பரங்களும் பொறுமையைச் சோதித்தன. அப்பா இருந்த காலத்தில் பெருநாள் விசேட நிகழ்ச்சிகளில் நல்ல ஆவணப்படங்களும் இசை நிகழ்ச்சிகளும் வந்ததாக அம்மா சொல்கிறார். அப்பா அவற்றை வீஎச்எஸ் நாடாக்களில் பதிந்தும் வைத்திருந்தார். ஒரு பெட்டி நிறையப் பூசணம் பிடித்துக் கிடக்கின்றன, வீடு மாறுவதால் வீசிவிட இருக்கிறோம். என் கேள்வி இதுதான்: நம் வரிப்பணத்தில் நடக்கும் நிலையங்கள் நம்மைப் பற்றிய நிகழ்ச்சிகளை ஏன் தயாரிப்பதில்லை? தமிழுக்கு அதிக நேரம் கேட்டு நாம் குரல் எழுப்ப வேண்டுமா, அல்லது யூடியூப் காலத்தில் இதெல்லாம் வீண் பேச்சா?

ஒரு வாசகர், தெஹிவளை

அன்புள்ள தம்பி,

அந்தப் பெட்டியை வீச வேண்டாம். உங்கள் கடிதத்தில் பல விடயங்கள் இருக்கின்றன. அவற்றுள் நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரிதான் என்னை உறங்க விடவில்லை.

உச்சரிப்பைப் பற்றிச் சொன்னது சரி. பயிற்சி கொடுத்தால் தீர்கிற குறை அது. அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை. யூடியூப்பைப் பற்றியும் இப்போது வேண்டாம். ஆனால் நாதஸ்வரக் கச்சேரியைப் பத்தாவது நிமிடத்தில் மாற்றிவிட்டு, நம்மைப் பற்றிய நிகழ்ச்சிகளை ஏன் தயாரிப்பதில்லை என்று அதே கடிதத்தில் கேட்கிறீர்களே, அது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாதஸ்வர வித்துவான் இராகத்தைத் தொட்டு, அதன் பிடிகளைக் காட்டி, விரித்துக்கொண்டு போவதற்கே பத்து நிமிடம் வேண்டும். அதற்குள் தவில் தனியாக வாய் திறந்தே இருக்காது. பிள்ளைகள் கேட்டார்கள் என்கிறீர்கள். பிள்ளைகள் கேட்கத்தான் செய்வார்கள். நீங்கள் பக்கத்தில் இருந்து, "தவில் அடிப்பவரின் வலது கையைப் பாருங்கள், விரல் ஒவ்வொன்றிலும் கூடு மாட்டியிருக்கிறார், இடது கையில் கழி வைத்திருக்கிறார்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் இன்னும் பத்து நிமிடம் அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் சொல்லைச் சொல்லாத குறை நிலையத்தினுடையது அல்ல.

கொஞ்ச நாளாகவே நான் இதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1975இல் காலமானார். சுயாதீன தொலைக்காட்சி 1979இல் தொடங்கியது. ஜப்பானிய உதவியுடன் அமைந்த ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ஒளிபரப்பை ஆரம்பித்தது. ஆகவே அந்த மாமேதையை நம் தொலைக்காட்சி படம்பிடிக்க வழியே இருக்கவில்லை. இன்று தவில் பழகும் ஒரு பிள்ளை அவருடைய ஒலிப்பதிவைக் கேட்டுத்தான் கைகள் எப்படிப் போயிருக்கும் என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. இதற்கு யாரையும் நோக முடியாது. ஆனால் நாதஸ்வர வித்துவான் அளவெட்டி பத்மநாதன் 2003 வரை நம்மோடு இருந்தார். அவருடைய விடயத்தில் அந்தச் சாக்குச் செல்லாது. தொலைக்காட்சி வந்த பிறகும் இருபது ஆண்டுகள் வாழ்ந்து வாசித்த ஒருவருடைய கச்சேரிகளில் எத்தனை முழுமையாகப் பதியப்பட்டன, பதியப்பட்டவற்றில் எத்தனை இன்றும் ஓடும் நிலையில் இருக்கின்றன என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

பெருநாள் விசேட நிகழ்ச்சி என்றால் அன்றைய நாளை அலங்கரிப்பதற்கான ஒன்று என்று நிலையத்தாரும் நினைக்கிறார்கள், நீங்களும் நினைக்கிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அன்றைக்கு அது எத்தனை பேரை மகிழ்வித்தது என்பது எனக்கு இரண்டாவது விடயம். முப்பது ஆண்டுகள் கழித்து ஒருவர் அதை எடுத்துப் பார்க்கக்கூடியதாக இருக்கிறதா என்பதே முதலாவது.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். எண்பதுகளின் பிற்பகுதியில் ஒரு நிலையத்தின் சித்திரைப் புத்தாண்டு விசேட நிகழ்ச்சிக்காக, மாசி மாதத்தில் ஹட்டனுக்கு அப்பால் உள்ள தோட்டம் ஒன்றுக்கு, மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தைப் படம்பிடிக்கப் போனோம். எழுத்துப் பிரதி என்னுடையது. அந்தக் காலத்தில் வெளிப்புறப் படப்பிடிப்புக்குக் கொண்டுபோன யூமெற்றிக் வீடியோக் கசெற் ஒன்றில் இருபது நிமிடம்தான் பதியலாம். கமரா ஒருவர் தோளில், பதிவுக் கருவி இன்னொருவர் தோளில், நடுவே ஒரு கேபிள். கூத்து விடிய விடிய நடக்கும். எட்டு மணி நேரத்தை முழுதாகப் பதிய இருபத்துநான்கு கசெற்றுகள் வேண்டும். எங்களுக்குத் தந்தவை நள்ளிரவுக்கு முன்பே தீர்ந்தன. ஆனாலும் எங்கள் ஒளிப்பதிவாளர் நல்ல மனிதர், பொறுமைசாலி. கூத்துத் தொடங்கும் முன்பு லயக் குடியிருப்பின் ஓரத்தில் வைக்கோலைக் கொளுத்தித் தப்பு என்ற பறையைக் காய்ச்சுகிறார்கள் அல்லவா, அதை அவர் வெட்டாமல் எடுத்தார். தோலைத் தீயருகே பிடித்துத் திருப்புவதும், விரலால் தட்டிப் பார்ப்பதும், ஒலி இன்னும் மந்தமாக இருக்கிறது என்று முதியவர் ஒருவர் தலையசைக்க மறுபடி தீயில் காட்டுவதும், கடைசியில் தோல் இறுகி அந்த ஒலி கணீரென்று எழுவதும் முழுக்க அந்த நாடாவில் இருந்தன. ஒளிபரப்பில் அதற்குக் கிடைத்தது சில விநாடிகள். மிச்சமெல்லாம் மூல நாடாக்களாக அலுமாரிக்குப் போயின.

சில ஆண்டுகளுக்குப் பிறகு அந்த முதியவர் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அவருடைய பேரனுக்குக் காட்டலாமே என்று நாடாவைத் தேடிப் போனேன். கசெற் கிடைத்தது. அதன் முதுகில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சீட்டுகள் ஒட்டியிருந்தன. அடியில் இருந்த சீட்டை நகத்தால் உரித்துப் பார்த்தபோது என் சொந்தக் கையெழுத்தில் "காமன் கூத்து, மூலம்" என்று இருந்தது. மேலே கடைசியாக ஒட்டியிருந்த சீட்டில் ஒரு விளையாட்டு நிகழ்ச்சியின் பெயர். யூமெற்றிக் கசெற்றின் அடிப்பக்கத்தில் ஒரு சிவப்புக் குமிழ் இருக்கும். அதைப் பிடுங்கிவிட்டால் அதற்குப் பிறகு எந்தக் கருவியும் அந்த நாடாவில் மேல்பதிவு செய்யாது. அந்தக் குமிழ் இருந்த இடத்திலேயே இருந்தது. நாடா விலை கூடியது, இறக்குமதிப் பொருள், திருப்பிப் பயன்படுத்தத்தானே வேண்டும் என்றார்கள். விதைநெல்லைக் குற்றிச் சமைத்துவிட்டுப் பசியைக் காரணம் சொன்னால் எப்படி இருக்கும்? அன்று எனக்கு வந்த கோபம் இன்றும் தணியவில்லை.

இது நம் நாட்டில் மட்டும் நடந்த குற்றமல்ல. பிபிசி நிறுவனமே அறுபதுகளிலும் எழுபதுகளிலும் தன் நிகழ்ச்சிகள் பலவற்றை அழித்து நாடாக்களைத் திரும்பப் பயன்படுத்தியது. பின்னால் அவற்றைத் தேடத் தொடங்கியபோது கைகொடுத்தவை எவை தெரியுமா? வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்ற படச்சுருள்களும், நேயர்கள் தங்கள் வீடுகளில் பதிந்து வைத்திருந்த ஒலிப்பதிவுகளும். நிலையம் தொலைத்ததை நேயர் காப்பாற்றினார்.

உங்கள் அப்பா செய்ததும் அதேதான். அதுவும் இந்த நாட்டில் அதன் பெறுமதி இன்னும் கூட. வடக்கிலிருந்த கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரம் 1990இல் போரில் வீழ்ந்தது. புதிய கோபுரம் 2011இல்தான் திறக்கப்பட்டது. இடையில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லாத ஆண்டுகள் இருந்தன. அந்தக் காலத்தில் கொழும்புக்கு வந்து வாசித்துவிட்டுப் போன ஒரு கலைஞரின் நிகழ்ச்சியை அவருடைய சொந்த ஊரார் பார்த்திருக்க வழி மிகக் குறைவு. வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கொட்டாஞ்சேனையிலும் பதிவுக் கருவி வைத்திருந்த வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள், சிலர் பதிந்தார்கள். அப்படிப் பதிந்தவரின் பிள்ளை பூசணம் பிடித்துவிட்டது என்று எழுதுகிறார்! பூசணம் பிடிக்கும், தம்பி. கடற்கரையோர ஊர், வருடம் முழுவதும் ஈரக்காற்று. அது வீசுவதற்குரிய காரணம் அல்ல, இந்த மாதமே கவனிப்பதற்குரிய காரணம்.

இனி, நேரம் அதிகம் கேட்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். கேட்டுப் பெற்றால் அந்த நேரத்தையும் திரைப்படத்தால்தான் நிரப்புவார்கள். ஒரு படத்தின் உரிமையை வாங்கினால் இரண்டரை மணி நேரம் ஓடிவிடும், விளம்பரதாரரும் தாமாக வருவார். அரை மணி நேர ஆவணப்படம் ஒன்றுக்கு ஆய்வு, வாகனம், படப்பிடிப்புக் குழு, நாள்கணக்கில் தொகுப்பு என்று எல்லாம் வேண்டும்; அதற்கு அனுசரணையாளரை நிலையம் தேடிப் போக வேண்டும். ஆகவே நான் கேட்பது வேறு. ஒரு பெருநாளுக்கு ஒன்று, ஒன்றே ஒன்று, நடக்கும் இடத்துக்குப் போய்த் தொடக்கம் முதல் முடிவுவரை பதியுங்கள். ஜூன் 13ஆம் திகதி கொச்சிக்கடை அந்தோனியார் பெருவிழா வருகிறது. வைகாசியில் மட்டக்களப்புக் கோயில்களில் கண்ணகை அம்மன் குளுத்திச் சடங்கு நடக்கிறது. கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் றபான் அடித்துப் பாடும் பக்கீர் பைத்துகளைப் பாடத் தெரிந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரூபவாஹினி தொடங்கிப் பதினேழு மாதத்தில் 1983 ஜூலை இனக்கலவரம் வந்தது. அதற்கு முன்பு செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிவரை ஆடிவேல் ஊர்வலம் எப்படிப் போனது, காலி வீதியின் இருபுறமும் சனம் எப்படி நின்றது, கரும்பு விற்றவர்கள் எங்கே உட்கார்ந்தார்கள் என்று இன்று ஒரு பிள்ளை கேட்டால் நான் வாயால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முழுதாகப் பதிந்தால் யார் பார்ப்பார்கள் என்பார்கள். நோர்வேயின் பொதுத் தொலைக்காட்சி 2009இல் பெர்கனிலிருந்து ஒஸ்லோவரை ஓடும் ரயிலின் பயணத்தை ஏழு மணி நேரத்துக்கும் மேலாக அப்படியே ஒளிபரப்பியது. நாட்டில் பெருந்தொகையானோர் அதைப் பார்த்தார்கள். 2011இல் கரையோரக் கப்பல் பயணம் ஒன்றை 134 மணி நேரம் இடைவிடாது காட்டினார்கள். அங்கே நம்மவர்கள் எத்தனையோ பேர் வாழ்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். ஒளிபரப்புக்குச் சுருக்கிய வடிவம் இருக்கட்டும், அதை நான் மறுக்கவில்லை. மூலம் முழுதாக இருக்க வேண்டும். அதோடு யார் வாசித்தார், எந்த ஊர், எந்த நாள், என்ன இராகம், தப்பைக் காய்ச்சியவரின் பெயர் என்ன என்று எழுதிய தாள் ஒன்றும் கூடவே இருக்க வேண்டும். பெயரில்லாத நாடா பாதி தொலைந்த நாடா. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

இப்போது உங்கள் பெட்டிக்கு வருகிறேன். கசெற்றின் கண்ணாடிச் சாளரத்தினூடாக நாடாச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். வெண்தூள் படிந்திருந்தால் அதை எந்தக் கருவியிலும் போட வேண்டாம். கருவியின் தலைப்பகுதியில் பூசணம் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல நாடாவுக்கும் பரவும். அப்படிப்பட்டவற்றைத் தனியே பிரித்து, உலர்ந்த இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். முதுகில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிடுங்கள், அதன் பிறகு தவறியும் மேல்பதிவு ஆகாது. கல்யாண வீடியோக்களை எண்ணிம வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கும் கலையகங்கள் கொழும்பில் இன்னும் உள்ளன. ஆனால் வீஎச்எஸ் கருவிகளைத் தயாரித்த கடைசி நிறுவனமும் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது, இருப்பவை பழுதானால் திருத்துவதற்கு உதிரிப்பாகமும் அரிது. ஆகவே தள்ளிப்போட வேண்டாம். மாற்றும்போது அறிவிப்பையோ விளம்பரத்தையோ வெட்டச் சொல்லாதீர்கள். நீங்கள் வெறுக்கிற அந்த விளம்பரம்தான் அது எந்த ஆண்டு என்பதைக் காட்டிக்கொடுக்கும். அம்மாவைப் பக்கத்தில் இருத்தி, திரையில் வருபவர்களில் தெரிந்தவர்களின் பெயரையெல்லாம் கேட்டு எழுதுங்கள். 2005 முதல் நம் நூல்களையும் ஆவணங்களையும் சேகரித்துவரும் நூலக நிறுவனத்தாரிடமும் பேசுங்கள், அவர்கள் ஒலி, ஒளிப் பதிவுகளையும் பாதுகாக்கிறார்கள்.

புதிய வீட்டில் வைக்க இடமில்லை என்றால் பெட்டியை எனக்கு அனுப்பிவிடுங்கள். முச்சக்கர வண்டிக் கூலியை நான் தருகிறேன். அதற்கு முன்பு, சீட்டுகளில் அப்பா எழுதியிருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து ஒரு பட்டியல் எழுதி அனுப்புங்கள். பத்மநாதன் என்ற பெயர் எங்காவது இருந்தால் கடிதம் எழுத வேண்டாம், உடனே தொலைபேசியில் கூப்பிடுங்கள்.

அன்புடன்.