நீங்கள் ஓட்டுப் போட்டவரே உங்கள் ஊர் பிரசிடெண்டாகப் பதவியேற்றபோது என்ன நினைத்தீர்கள்?

அப்பாடா, இனிமேல் போய்க் கேட்க ஊருக்குள்ளேயே ஓர் ஆள் இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் ஜெயித்த சந்தோஷமெல்லாம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில், ஏர்வாடிக்கும் வாலிநோக்கத்துக்கும் இடைப்பட்ட கடற்கரையில் இருக்கிறது. ஆண்கள் வல்லத்தில் தொழிலுக்குப் போவார்கள். பெண்களில் நிறையப் பேர் கடலில் இறங்கிப் பாசி எடுப்பார்கள். நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு எழுதுவது, ஆன்லைனில் விண்ணப்பம் போடுவது எல்லாம் உண்டு. அதனால் ஊரில் யாருக்கு என்ன குறை என்றாலும் அது என் மேஜைக்கு வந்துவிடும்.

2011-இல் ஊராட்சிக்குத் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அதே மாதம் நடக்க வேண்டிய தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதிலிருந்து வழக்கு, வார்டு மறுவரையறை என்று இழுத்துக்கொண்டே போய், 2019 டிசம்பர் 27, 30 என்று இரண்டு கட்டமாகத்தான் ஓட்டுப் போட்டோம். இடையில் மூன்று வருஷத்துக்கு மேல் ஊராட்சிக்குத் தலைவரே இல்லை. தனி அலுவலர் என்ற பெயரில் ஒன்றியத்தின் பிடிஓ, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர்தான் எல்லாம். அவரைக் குறை சொல்லவில்லை. ஒன்றியத்தில் இருக்கும் அத்தனை ஊருக்கும் அவர் ஒருவர் என்ன செய்வார்? ஆனால் தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்லக்கூட பஸ் ஏற வேண்டும். போன நேரத்தில் அவர் கூட்டத்தில் இருப்பார். அன்றைய கூலி போனது போனதுதான்.

விளக்கு இல்லாமல்கூட இருந்துவிடலாம். தண்ணீர் அப்படி இல்லை. எங்கள் பக்கம் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான். திருச்சியிலிருந்து காவிரி கூட்டுக் குடிநீர்க் குழாய் வருகிறது, ஆனால் நாங்கள் கடைக்கோடி. மேலே எங்காவது உடைப்பு என்றால் எங்கள் குழாயில் காற்றுதான் வரும். வீட்டுக்கு வீடு குடம் அடுக்கும் தள்ளுவண்டி நிற்கும். தண்ணீர் வராத வாரம் மணலில் ஊத்துத் தோண்டி, விடியுமுன் போய் உட்கார்ந்து, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். ஒரு குடம் நிறைவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். இன்றைக்குத் தண்ணீர் வருமா வராதா என்று தெரியாமலே வீட்டில் காத்துக் கிடப்பது அதைவிடக் கொடுமை. பாசிக்குப் போகிற நீரோட்ட நேரம் நமக்காக நிற்காது.

அந்தத் தேர்தலில் எங்கள் ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் சட்டம் திருத்திய பிறகு நடந்த முதல் தேர்தல் அது. வழக்கம்போல, இன்னாருடைய சம்சாரம் நிற்கட்டும், போட்டி வேண்டாம் என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு வந்தது. பாசி எடுக்கிற பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. தங்களில் ஒருவரையே நிறுத்தினார்கள். வேட்புமனுவுக்கு ஆதார் அட்டை ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்குத்தான் வந்தார். "மதினி, ஊரு சொன்னதைத் தட்டிட்டேன்னு நாளைக்கு ஒதுக்கிருவாங்களா?" என்று கேட்டார். அவர் பயந்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

நான்கு ஓட்டு என்பதால் நிறையப் பேருக்குக் குழப்பம். வார்டு உறுப்பினருக்கு வெள்ளைச் சீட்டு, பிரசிடெண்டுக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். முதல் இரண்டில் கட்சிச் சின்னம் கிடையாது. கட்சிச் சின்னத்துக்கே குத்திப் பழகிய பாட்டிகளுக்கு வண்ணத் தாளை வெட்டி வைத்துக்கொண்டு என் கடையில் சொல்லிக்கொடுத்தோம். ஜனவரி 2-ஆம் தேதி எண்ணினார்கள். அவர் ஜெயித்தார்.

2020 ஜனவரி 6, திங்கட்கிழமை பதவியேற்பு. ஊராட்சி அலுவலகத்தின் ஒற்றை அறையில் கொள்கிற கூட்டமா அது! ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் வெளியே நின்றேன். உறுதிமொழித் தாளைப் பிடித்திருந்த அவர் கைகள் எனக்கு நேராக இருந்தன. பாசி பறிக்கும்போது கடலடிப் பார், அதாவது பாறை, கிழித்த தழும்பு விரலெல்லாம் இருக்கும். அரசியலமைப்பின் மேல் நம்பிக்கை வைப்பேன் என்ற வரியை அந்த விரல்களில் ஒன்றை வைத்து, எழுத்துக்கூட்டி, ஆனால் சத்தமாகப் படித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கையெழுத்து முடிந்ததும் பதிவேடு, சாவி எல்லாம் ஒப்படைத்தார்கள். கொண்டுவந்தவர் பழக்கதோஷத்தில் அவற்றைப் பிரசிடெண்டின் வீட்டுக்காரரிடம் நீட்டினார். ஒரு கிழவி அங்கிருந்தே சத்தம் போட்டாள்: "ஏப்பா, நாங்க ஓட்டுப் போட்டது நாற்காலியில உட்கார்ந்திருக்கு, அங்க குடு!" வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே வெளியே போய்விட்டார். நல்ல மனுஷன். அதற்குப் பிறகும் அவர் அலுவலகத்துக்குள் வந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எத்தனை ஊரில் பிரசிடெண்ட் கையெழுத்துக்கு மட்டும் வந்துபோகிறார் என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

சரி, கவலை எதுவும் இல்லையா என்றால், இருந்தது. துணைத் தலைவரைப் பற்றியது அது. பிரசிடெண்டுக்கு நாம் நேரடியாக ஓட்டுப் போடுகிறோம். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுப்பார்கள். ஊராட்சிக் காசோலையில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் நகரும். ஜனவரி 11-ஆம் தேதி நடந்த அந்தத் தேர்தலில் எங்கள் ஊரில் எதிர்த்தரப்பு ஆள் வந்துவிட்டார். மோட்டார் பழுது பார்த்த பில்கூட நாள்கணக்கில் கிடந்தது. தலைவர் எதுவும் செய்யவில்லை என்று திண்ணையில் பேசுகிறவர்கள் இந்த இரண்டாவது கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள்.

ஜனவரி 26 கிராம சபையில்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. வரவு செலவை வாசித்தார்கள். அப்புறம் பெண்கள் எழுந்து தண்ணீரைக் கேட்டார்கள். அதிகத் தண்ணீர் வாங்கித் தருகிறேன் என்று அவர் அளக்கவில்லை. "வர்ற தண்ணி எந்தக் கிழமை எந்தத் தெருவுக்குன்னு எழுதிப் போடுறேன். மாறுனா முந்தின நாளே சொல்லிவிடுறேன்" என்றார். அந்த வாரமே மேல்நிலைத் தொட்டியின் தூணில் கறுப்புப் பெயின்ட் அடித்து, கிழமையும் தெருப் பெயரும் சாக்பீஸில் எழுதினார்கள். வந்தது அதே அளவு தண்ணீர்தான். ஆனால் தன் தெருவுக்கு எந்த நாள் என்று தெரிந்ததால், மற்ற நாட்களில் பெண்கள் நிம்மதியாகக் கடலுக்குப் போனார்கள். அதற்குப் பைசா செலவில்லை. மூன்று வருஷமாக அதைச் செய்ய ஊருக்குள் ஓர் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மார்ச்சில் கொரோனா வந்தது. மே 1 கிராம சபை நடக்கவில்லை. பிளீச்சிங் பவுடர் தூவுவதிலிருந்து, வெளியூரிலிருந்து வந்தவர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைப்பது வரை அவர் தலையில்தான் விழுந்தது. அவரால் முடியாததும் உண்டு. மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-உம் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. அங்கே பாசி எடுக்க விடாதது வனத்துறை. தங்களில் ஒருத்தி பிரசிடெண்ட் ஆனால் அதுவும் தீர்ந்துவிடும் என்று பெண்கள் நம்பினார்கள். அது ஊராட்சியின் அதிகாரத்தில் இல்லை என்று நான் கடையில் வைத்துச் சொல்லிப் பார்த்தேன். சிலருக்கு அவர் மேல் அந்த மனத்தாங்கல் இன்னும் இருக்கிறது. கரைக்குப் போகிற ரோடும் பாதியில்தான் நிற்கிறது. அதில் அவர் இன்னும் கொஞ்சம் முட்டி மோதியிருக்கலாம் என்பது என் கருத்து, அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு அந்தப் பதவிக்காலமும் முடிந்து, மறுபடி தனி அலுவலர் வந்தார். தேர்தலைத் தள்ளிப் போடுவதால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள், கடைக்கோடிக் குழாயில் குடத்தை வைத்துவிட்டு ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

போன வாரம் எங்கள் பழைய பிரசிடெண்ட் கடைக்கு வந்தார். "இன்னொரு தடவை நிக்கவா மதினி?" என்றார். "கண்டிப்பா நில்லு. ஆனா வார்டு எல்லாத்துலயும் நம்ம ஆளுக நிக்கணும், துணைத் தலைவர் பதவியை விடக்கூடாது" என்றேன். கீழத்தெருவில் இரண்டு பெண்கள் சம்மதித்துவிட்டார்கள். மேலத்தெருவில்தான் இன்னும் பேச வேண்டும்.