சிங்க் அடைப்புக்காக டைல்ஸை உடைக்கச் சொல்கிறார்களா?

கேள்வி: சென்னையில் அடுக்குமாடி ஒன்றின் 2-வது மாடியில் குடியிருக்கிறோம். சமையலறை சிங்க்கில் தண்ணீர் இறங்கவே மாட்டேன் என்கிறது. அடைப்பு நீக்கும் பவுடரை இரண்டு முறை போட்டும் பலனில்லை. பார்க்க வந்தவர், "ஆசிட் ஊற்றலாம், இல்லாவிட்டால் டைல்ஸை உடைத்து பைப்பை மாற்ற வேண்டும்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: இரண்டுக்கும் சம்மதிக்காதீர்கள். நீங்கள் போட்ட பவுடர் பெரும்பாலும் காஸ்டிக் சோடா. அது பைப்பில் தேங்கி நிற்கும்போது ஆசிட் ஊற்றினால் கொதித்து மேலே சீறும், குனிந்து பார்ப்பவர் கண் போய்விடும். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தாலோ குளோரின் வாயு கிளம்பும். ஆசிட் பாட்டிலோடு வருபவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, தேங்கிய தண்ணீரை பிளாஸ்டிக் வாளியில் மொண்டு எடுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், காஸ்டிக் அதை அரித்துவிடும். பிறகு வாளியை அடியில் வைத்து, சிங்க்கின் கீழே உள்ள வேஸ்ட் பைப்பைத் திருகிக் கழற்றுங்கள். பல வீடுகளில் அடைப்பு அதற்குள்ளேயே இருக்கும். இல்லையென்றால், அது போய்ச் சேரும் குழாய்க்குள் ஸ்பிரிங், அதாவது வளைந்து போகும் நீளமான கம்பிச் சுருள், விட வேண்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். குத்தாதீர்கள், தடுக்கும் இடத்தில் ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி இழுங்கள். நுனியில் மெழுகுபோல் வெளுத்த எண்ணெய்க் கட்டி வரும், அதற்குள் சோற்றுப் பருக்கையும் புளிச்சக்கையும் இருக்கும். இந்தக் கட்டியைத்தான் பவுடரால் கரைக்க முடியவில்லை.

ஸ்பிரிங் விட்டுப் பார்க்காமலே உடைக்கலாம் என்பவருக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் தராதீர்கள். டைல்ஸ், கொத்தனார், புது பைப் என்று பில் ஏறும். எல்லாவற்றிலும் அவருக்குப் பங்கு இருக்கலாம்.

ஆனால் ஒன்று. ஸ்பிரிங் வாங்கும் முன் உங்கள் வீட்டுக் குழாய்களையெல்லாம் மூடிவிட்டு ஒரு மணி நேரம் சிங்க்கைக் கவனியுங்கள், அதுவும் மேல்வீட்டில் பாத்திரம் கழுவும் நேரமாகப் பார்த்து. நீங்கள் ஒரு சொட்டும் விடாதபோது சிங்க்கில் தண்ணீர் ஏறினால், அடைப்பு உங்களுடையது அல்ல. எல்லா வீட்டுக்கும் பொதுவான செங்குத்துக் குழாயில் இருக்கிறது. அப்போது வீட்டுக்குள் என்ன செய்தாலும் வீண், அந்தச் செலவும் உங்கள் தலையில் விழக் கூடாது. அசோசியேஷன்தான் கீழே உள்ள சேம்பரை, அதாவது கழிவுக் குழாய்கள் வந்து சேரும் தொட்டியை, திறந்து அடைப்பை எடுக்க வேண்டும்.

எங்கே திறப்பது என்பதில்தான் வயிறு எரிகிறது. கார் நிறுத்துமிடத்தில் சேம்பர் மூடிமேலேயே டைல்ஸ் ஒட்டிவிட்டுப் போகிறார்கள். கழிவுநீர் வரைபடம் கேட்டால் பில்டரிடம் இல்லை. வீட்டை விற்கும்போது அதைக் கையில் கொடுத்தாக வேண்டும் என்று ஏன் யாரும் கறாராக இருப்பதில்லை? மூடி கிடைத்ததும் ஆளை உள்ளே இறக்க முனைவார்கள். கூடவே கூடாது, பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் இறக்குவது, மனிதர் கையால் கழிவு அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இயந்திரம் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். தெருச் சாக்கடையே நிரம்பி நின்றால் குடிநீர் வாரியத்தின் 1916-க்குப் பேசி, புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.