நிரலாளர்களுக்கான இணையவழிக் கேள்வி-பதில் சந்திப்பை எப்படி நடத்துவது?

குறித்த நேரத்தில் இணையத்தில் கூடி, ஒருவர் தன் நிரலில் சிக்கிய இடத்தைச் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து அவிழ்ப்பதுதான் இது.

கேள்விகளை 2 நாள் முன்பே வாங்குங்கள். பிழை வரவைக்கும் மிகச் சிறிய நிரல், முழுப் பிழைச் செய்தி (ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், எழுத்தாக இருந்தால்தான் நகலெடுத்துத் தேடிப் பார்க்கலாம்), ஏற்கெனவே முயன்றவை ஆகியவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். தேயிலைத் தோட்ட மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) முற்றல் இலையைப் பொறுக்கிவிட்டுக் கொழுந்து நிறுப்பதுபோல, சம்பந்தமில்லாத வரிகளை முன்பே கழித்தால் 1 மணி நேரத்தில் 5 கேள்வி பார்க்கலாம்.

இலங்கை மலையகத்தில் அட்டன், பண்டாரவளைத் தோட்டப் பக்கம் சிக்னல் விட்டுவிட்டு வந்தால் முதலில் உறைவது வீடியோவும் திரைப் பகிர்வும். குரலைவிட அவற்றுக்கு டேட்டா அதிகம். குரல் மட்டும் போதும், நிரலை எல்லோரும் பார்க்கும் பகிர்ந்த இணைய ஆவணத்தில் ஒட்டுங்கள்.

எல்லாம் தெரிந்த நிபுணர் வேண்டுமென்று பலர் காத்திருக்கிறார்கள். உண்மையில் தேவை, நேரம் பார்க்க ஒருவர், விடையைக் குறிக்க ஒருவர்.