எட்டரை வயதில் ஒரு முன்பல் மட்டும் வரவில்லை: காத்திருக்கலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறோம். என் மகனுக்கு எட்டரை வயது, எடை 24 கிலோ. மேல் வரிசையில் வலப்பக்க முன்பல் பத்து மாதம் முன்பே முளைத்துவிட்டது. இடப்பக்கம் பால் பல் விழுந்து எட்டு மாதமாகியும் வெறும் ஈறுதான் இருக்கிறது. அதற்கு அடுத்த சின்னப் பல்கூட எட்டிப் பார்க்கிறது. முன்பல்லுக்குப் பின்னால், அண்ணத்தில் கூம்பாக ஒரு பல்லின் முனை தெரிகிறது. அது அதிர்ஷ்டப் பல், எடுக்கக் கூடாது என்கிறார் மாமியார். பக்கத்து கிளினிக்கில், ஈறைக் கீறிவிட்டால் பல் தானாக வந்துவிடும் என்கிறார்கள். எதைக் கேட்பது? ஆறரை வயது மகளுக்கும் ஒரு பிரச்சினை. புதிதாக வந்த கடைவாய்ப்பல் ஒன்றில் பழுப்புத் திட்டு இருக்கிறது. தண்ணீர் பட்டாலே கூசுகிறதாம். போர் தண்ணீர்தான் காரணமா?

பதில்: அம்மா, இனிக் காத்திருக்க வேண்டாம். ஈறைக் கீறவும் வேண்டாம். முதலில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

மேல் நடு முன்பற்கள் 7 முதல் 8 வயதுக்குள் வருபவை. ஒன்று வந்த பின் ஜோடிப் பல் ஆறு மாதத்துக்குள் வராவிட்டால் காரணம் தேட வேண்டும். வரிசை மாறினாலும் அப்படித்தான். நடுப்பல் வந்த பிறகே பக்கத்துப் பல் வர வேண்டும். உங்கள் மகனிடம் இந்த இரண்டு அடையாளங்களும் இருக்கின்றன.

அண்ணத்தில் தெரிவது பெரும்பாலும் ‘மீசியோடென்ஸ்’ எனப்படும் கூடுதல் பல். மேல் தாடையின் நடுக்கோட்டருகே, கணக்குக்கு மேல் ஒன்றாக உருவாவது. ஆண் குழந்தைகளிடம் அதிகம் காண்கிறோம். ஆனால் இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கூம்பு வடிவக் கூடுதல் பல் பொதுவாகப் பக்கத்துப் பல்லைத் திருப்பும், விலக்கும், இடைவெளி உண்டாக்கும். முற்றிலும் வராமல் தடுப்பது குறைவு. வழியை அடைத்து நிற்பது பெரும்பாலும் பீப்பாய் வடிவில் பல மேடுகளுடன் இருக்கும் இன்னொரு வகை. அது எலும்புக்குள்ளேயே தங்கிவிடும். ஆகவே வெளியே தெரியும் ஒன்றைப் பிடுங்கிவிட்டு வேலை முடிந்தது என்று இருக்கக் கூடாது. உள்ளே இரண்டாவது இருக்கலாம்.

வேறு காரணங்களும் உண்டு. சின்னச் சின்னப் பற்கள் அரிசிமணிகளாய்த் திரண்ட ‘ஓடோண்டோம்’ கட்டி ஒன்று. அடிபட்டு வேர் வளைந்துபோவது இன்னொன்று. இரண்டு மூன்று வயதில் விழுந்து, பால் முன்பல் ஈறுக்குள் ஏறியதுண்டா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அப்படி இருந்தால் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். பால் பல்லின் வேர்நுனிக்கு மிக அருகில்தான் நிரந்தரப் பல்லின் மொட்டு இருக்கிறது. நிரந்தரப் பல்லே இல்லையோ என்ற பயம் வேண்டாம். மேல் நடு முன்பல் பிறவியிலேயே இல்லாமல் போவது மிக அரிது.

எக்ஸ்ரே விஷயத்துக்கு வருகிறேன். ஓபிஜி, அதாவது இரண்டு தாடைகளும் ஒரே படத்தில் விழும் பெரிய எக்ஸ்ரே, ஒன்றை மட்டும் எடுத்து முடிவு செய்யக் கூடாது. அந்தப் படத்தில் முன்பற்கள் இருக்கும் பகுதி பெரும்பாலும் மங்கலாகத்தான் விழும். வாய்க்குள் வைத்து எடுக்கும் சின்ன எக்ஸ்ரே இரண்டை, எக்ஸ்ரே கருவியின் குழாயைப் பக்கவாட்டில் நகர்த்தி வேறு வேறு கோணத்தில் எடுப்பார்கள். குழாய் நகர்ந்த திசையிலேயே கூடுதல் பல்லின் நிழலும் நகர்ந்தால் அது அண்ணப் பக்கம் இருக்கிறது; எதிர்த்திசையில் நகர்ந்தால் உதட்டுப் பக்கம். எந்தப் பக்கம் திறப்பது என்பதே இதை வைத்துத்தான். சிபிசிடி என்னும் முப்பரிமாண ஸ்கேன் எல்லோருக்கும் தேவையில்லை. பல் தலைகீழாகக் கிடந்தாலோ, பக்கத்து வேரை ஒட்டியிருந்தாலோ, வேர் வளைந்திருந்தாலோ எடுக்கலாம். சின்ன எக்ஸ்ரே ஒன்றின் கதிர்வீச்சு, இயற்கையாக ஒரு நாளில் நம் உடலில் படும் அளவை ஒட்டியதுதான். ஸ்கேனில் அது பல மடங்கு கூடும்.

ஈறைக் கீறுவது ஏன் தவறு? பல் ஈறுக்கு நேர் கீழே, தடையில்லாமல் இருந்தால் மட்டுமே அது பலன் தரும். எலும்புக்குள் ஒரு பல் குறுக்கே கிடக்கும்போது மேலே கீறினால் ஆறும்போது தழும்பாகித் தடிக்கும். பின்னால் செய்ய வேண்டிய சிகிச்சைக்கு அவசியமான உறுதியான ஈறும் குறைந்துபோகும்.

சிகிச்சையில் வயது முக்கியம். நடு முன்பல்லின் வேர் முழுமையடைய ஏறக்குறைய 10 வயதாகும். வேர் நுனி திறந்திருக்கும்வரை, தடையை எடுத்து இடத்தையும் காத்துக் கொடுத்தால், பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குப் பல் தானாகவே இறங்கிவிடுகிறது. உங்கள் மகன் இப்போது அந்தக் கட்டத்தில் இருக்கிறான். இந்தப் பல்லுக்குச் சுமார் 9 மில்லிமீட்டர் அகலம் வேண்டும். பக்கத்துப் பல் சாய்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால், சிறு கம்பி போட்டு விலக்கி இடம் உண்டாக்க வேண்டியிருக்கும். அறுவைக்குப் பின் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்து, ஆறு மாதத்தில் மறுபடி எக்ஸ்ரே. ஒன்பது மாதத்திலும் அசைவில்லை என்றால் பல்லைத் திறந்து, அதன் மேல் சிறு பொத்தானும் சங்கிலியும் ஒட்டி, கம்பியில் இணைத்து மெல்ல இழுப்பார்கள். அவசரப்பட்டு அதிக விசை கொடுத்தால் வேர் கரையும். மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே நல்ல வேகம்.

வெளியே தெரியும் கூம்புப் பல்லை ஊசி போட்டு மரக்கச் செய்து சாதாரணமாகவே எடுத்துவிடலாம். உள்ளே இருந்தால் ஈறைத் திறந்து தையல் போட வேண்டும். பையன் பயந்தால் மயக்க மருந்து தேவைப்படலாம். வீட்டுக்கு வந்ததும் இரண்டு மூன்று மணி நேரம் உதட்டைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மரப்பு இருக்கும்போது தெரியாமல் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும் குழந்தைகள் நிறைய. வலிக்குப் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம். உங்கள் மகனின் எடைக்கு 360 மில்லிகிராம் வரை, ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம். 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் அது 7 மில்லி. இதைவிட வலுக்குறைந்த சிரப்பும் விற்கிறது. லேபிளைப் பார்க்காமல் ஊற்றாதீர்கள். ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது.

மாமியாரிடம் சண்டை போட வேண்டாம், எக்ஸ்ரே படத்தைக் காட்டுங்கள். பேரனின் முன்பல் மேலே சிக்கி நிற்பதைப் பார்த்தால் அவரே சம்மதிப்பார். அப்படியே விட்டால் பக்கத்து வேர் அரிக்கப்படலாம். கூடுதல் பல்லைச் சுற்றி நீர்க்கட்டியும் உருவாகலாம்.

பாரிமுனையைத் தாண்டி, கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே குழந்தைகள் பல் மருத்துவப் பிரிவைக் கேட்டுச் செல்லுங்கள். பழைய எக்ஸ்ரே இருந்தால் எடுத்துப் போங்கள். ஒவ்வொரு பல்லும் எந்த மாதம் விழுந்தது, முளைத்தது என்று எழுதிய தாள் இருந்தால் மருத்துவரின் வேலை பாதி குறையும்.

மகளுக்குத் தண்ணீரைக் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. ஃபுளோரைடு மிகுந்த தண்ணீரால் வரும் கறை இரு பக்கமும் ஒத்திருக்கும், ஓரம் மங்கலாக இருக்கும். ஒரே ஒரு கடைவாய்ப்பல்லில், எல்லை தெளிவான பழுப்புத் திட்டு, கூடவே கூச்சம் என்றால் அது பல்லின் வெளி உறையான எனாமல் சரியாகக் கெட்டிப்படாத குறை, எம்.ஐ.எச். என்போம். பிறந்தது முதல் மூன்று வயதுக்குள் அந்தப் பல்லின் எனாமல் உருவாகும்போது நேர்ந்தது. உங்கள் பராமரிப்பில் தவறில்லை. கூசுவதால் குழந்தை அங்கே துலக்காது, அதனால் மெத்தென்ற எனாமல் சீக்கிரம் உதிர்ந்து சொத்தையாகும். 1000 பிபிஎம் ஃபுளோரைடு பேஸ்டைப் பட்டாணி அளவு எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு வேளையும் நீங்களே துலக்கிவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஃபுளோரைடு வார்னிஷ் பூசச் சொல்லுங்கள். பல் உடையத் தொடங்கியிருந்தால் பல்லை மூடும் ஸ்டீல் உறை (கிரௌன்) போட்டுக் காப்பாற்றலாம். மரப்பு ஊசி இந்தப் பல்லில் சில நேரம் சரியாகப் பிடிக்காது என்பதை மருத்துவரும் அறிவார். மேல் முன்பற்கள் முளைக்கும்போது அவற்றிலும் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். போர் தண்ணீரைக் குடிக்கவும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ஒரு முறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருந்தால் அதைக் குடிக்க வேண்டாம்.