மூடிய படைத்தளமும் குடிநீர்க் கிணறும்: கேள்வி பதில்

தொண்டியிலிருந்து: அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், பழைய பீஸ் விமானப்படைத் தள வளாகத்தில் என் மகன் வேலை பார்க்கிறான், பேரனும் அங்குள்ள குழந்தைகள் காப்பகத்திற்குப் போகிறான். அந்த மண்ணே நஞ்சு என்கிறார்களே, ஐயா?

பதில்: மண்ணில் நஞ்சு கிடப்பது வேறு, அது உடலுக்குள் வந்து சேர்வது வேறு. மாசு எங்கிருந்து கிளம்பியது, எதன் வழியாக நகர்ந்தது, யார் அதை எங்கே குடித்தார் அல்லது மூச்சில் இழுத்தார் என்ற சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் அந்த வழி அடைபட்டுவிடும். பீஸ் தளம் 1991-இல் மூடப்பட்டது. ஆனால் அங்கே பயன்பட்ட தீயணைப்பு நுரையிலிருந்து பி.எஃப்.ஓ.எஸ். என்ற வேதிப்பொருள் நிலத்தடி நீரில் இறங்கி, ஹேவன் என்னும் குடிநீர்க் கிணற்றில் லிட்டருக்கு 2.5 மைக்ரோகிராம் அளவுக்குச் சேர்ந்திருந்தது 2014-இல்தான் தெரியவந்தது. அன்றைய தற்காலிக வரம்பு 0.2, கிணற்றை நிறுத்தினார்கள். 2024-இல் அந்நாட்டு அரசு அறிவித்த வரம்போ 0.004. ஆகவே பழைய செய்தியைப் படித்து அஞ்சுவதைவிட, பேரன் இன்று குடிக்கும் குழாய்நீரின் அண்மைய சோதனை முடிவைக் கேட்டு வாங்குங்கள்.

கீழக்கரையிலிருந்து: கொதிக்க வைத்தால் போகாதா?

பதில்: பி.எஃப்.ஓ.எஸ். போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். இயந்திரங்களின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கப் படைத்தளங்களில் பயன்பட்ட டிரைகுளோரோஎத்திலீன் ஆவியாகும். ஆனால் அடுப்படிக் காற்றில் கலந்து மூச்சு வழியாக வரும்.

தேவிபட்டினத்திலிருந்து: மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்தவர்கள் நாங்கள். இப்படியொரு மாசு இங்கே வந்தால் டி.டி.எஸ். மீட்டர் காட்டிக்கொடுக்குமா?

பதில்: காட்டாது. அது கரைந்த உப்பை மில்லிகிராம் கணக்கில் சொல்லும் கருவி. நாம் பேசுவது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரோகிராம் கணக்கு. உப்புக் கரிக்காவிட்டால் நல்ல தண்ணீர் என்று நம் பக்கத்து நாக்கு தீர்ப்புச் சொல்லிப் பழகிவிட்டது. இந்த வழக்கில் அதன் சாட்சி செல்லாது. கடலோர மணலில் நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதப்பதால், மேலே கொட்டியது எளிதில் அதை எட்டிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் ஒருமுறை, கோடையில் ஒருமுறை, வெவ்வேறு ஆழங்களில் மாதிரி எடுத்துச் சோதித்தால்தான் நிலவரம் புரியும்.

மண்டபத்திலிருந்து: குழந்தைகளுக்கு ஆபத்து கூடுதலா?

பதில்: ஆம். நாளொன்றுக்கு 1 லிட்டர் குடிக்கும் 10 கிலோ குழந்தையையும், 2 லிட்டர் குடிக்கும் 60 கிலோ தந்தையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ எடைக்குக் குழந்தை பெறுவது மூன்று மடங்கு.

மீண்டும் தொண்டியிலிருந்து: பேரனுக்கு ரத்தப் பரிசோதனை செய்யலாமா?

பதில்: செய்யலாம். பி.எஃப்.ஓ.எஸ். உடலில் பல ஆண்டுகள் தங்குவதால், முன்பு உட்கொண்டதை அது காட்டும். நோய் வருமா என்பதைச் சொல்லாது.