கடிகாரம் கையில் இருப்பது, நினைத்தால் மட்டும் தெரிவது ஏன்?

உடலெங்கும் இருந்து வரும் தொடு செய்திகளில் சிலவற்றுக்கு மட்டும் மூளை முன்னுரிமை கொடுப்பதைத்தான் தொடுகவனம் என்கிறோம்.

இதில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. முதலாவது தோலில். அங்குள்ள ஏற்பிகளில் (தொடுதலை உணரும் நரம்பு முனைகளில்) ஒரு வகை, அழுத்தம் மாறும்போது மட்டும் செய்தி அனுப்பும். கடிகாரம் அசையாமல் இருந்தால் சீக்கிரமே ஓய்ந்துவிடும். இன்னொரு வகை அழுத்தம் இருக்கும்வரை அனுப்பிக்கொண்டே இருக்கும். இரண்டாவது வேலை மூளையில். அந்தச் செய்தி மூளைக்குப் போய்ச் சேர்ந்தாலும், நாம் வேறு வேலையில் இருக்கும்போது பின்னுக்குப் போய்விடுகிறது. மணிக்கட்டை நினைத்த மறுகணம், அந்த இடத்துக்கான மூளை நரம்பணுக்களின் எதிர்வினை வலுக்கிறது. கல்யாண மண்டபத்து இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேச்சுக்கு மட்டும் காதுகொடுப்பது போலத்தான் இது.

நீங்களே சோதிக்கலாம். கையை மேசைமேல் தளர்வாக வைத்து, ஆள்காட்டி விரல்நுனியையே பத்துப் பதினைந்து நொடி கவனியுங்கள். எதுவும் தொடாமலே லேசான துடிப்போ குறுகுறுப்போ பலருக்குத் தெரியும். விரலை அழுத்தினாலோ அசைத்தாலோ சோதனை கெட்டுவிடும். அசைவே புதிய செய்தி ஆகிவிடும்.

ஊசி போடும்போது குழந்தையிடம் பேச்சுக் கொடுப்பது வெறும் சமாதானம் அல்ல. கவனம் விலகினால் வலி உண்மையிலேயே குறைவாகத் தெரியும்.

கவனிக்காதபோது தோல் மரத்துப்போகிறது என்று பலர் நினைப்பது சரியல்ல: அதே கையில் ஓர் எறும்பு ஊர்ந்தால், எந்த வேலையில் இருந்தாலும் பெரும்பாலும் சட்டென்று தெரிந்துவிடும்.